வேலிப் பொட்டு

போன மாதம் மருமகன் ஒரு கேள்வி கேட்டார். கணினி வேலை செய்கிறவர், கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் அடிக்கடி கோச்சியில், அதாவது ரயிலில், போய்வருகிறவர். "மாமா, நீங்க வேலை செஞ்ச ஸ்டேஷன்ல தானாத் திறந்து மூடுற கேற் ஒண்டு போட்டா, டிக்கட் இல்லாம ஒருத்தனும் வெளிய போக ஏலாதுதானே?"

உடனே பதில் சொல்லவில்லை. என் கண்ணுக்குள் வந்தது கேற் இல்லை, வேலிப் பொட்டு, வேலியில் ஆள் நுழைகிற ஓட்டை.

வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஒரு சின்ன நிலையம். ஒரு மேடை, ஒரு டிக்கட் யன்னல், வெளியே போக ஒரு மரக்கேற். மேடை கட்டையானது, கோச்சி நீளமானது. பின்பெட்டிகள் எப்போதும் மேடைக்கு வெளியே, சல்லிக் கல்லில்தான் நிற்கும். அதில் வந்தவர்கள் குதித்து இறங்குவார்கள். ஊரும் அந்தப் பக்கம்தான். இறங்கினவர், இருட்டில் பெட்டி படுக்கையோடு மேடைக்கு நடந்து, என்னிடம் டிக்கட்டைக் கொடுத்து, பிறகு வந்த வழியே திரும்பி வீட்டுக்குப் போவாரா? வேலியில் ஒரு பொட்டு விழுந்திருந்தது. நாங்கள் கம்பி கட்டினால் அடுத்த கிழமை இன்னொரு பொட்டு, நாலு முழம் தள்ளி.

வேலைக்குப் புதிது, ரத்தம் சூடு. ஒரு நாள் இரவு டோர்ச் லைற்றோடு அந்தப் பொட்டடியில் போய் நின்றேன். முதலில் வந்தவர் தோளில் சாக்கோடு ஒரு வயதாளி. வெளிச்சம் முகத்தில் பட்டதும் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சேர்ட் பொக்கற்றைத் தடவினார். "டிக்கட் இரிக்கி சேர். ஊடு இந்தப் பக்கம்தானே, அதான்." இருந்தது. அடுத்தவரிடமும் இருந்தது. இல்லாமல் வந்தவர்கள் இரண்டு பள்ளிக்கூடப் பொடியன்மார், என்னைக் கண்டதும் பற்றைக்குள் பாய்ந்துவிட்டார்கள். பிறகு நான் அங்கே போய் நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது என்பதே காரணம்.

மருமகனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நாளுக்குப் பத்துப் பேர் டிக்கட் எடுக்காமல் வருகிறார்கள் என்று வைப்போம், தலைக்கு 50 ரூபா. நாளுக்கு 500, வருடத்துக்கு 1,82,500. சரி, கேற்றைப் போடுகிறோம். அதில் ஒரு பிள்ளையின் கை மாட்டினால், சக்கர நாற்காலி வந்தால், மின்சாரம் போனால் திறந்துவிடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவில் இருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அந்த ஓர் ஆளுக்கே வருடம் 4,80,000. கேற்றின் விலை, பழுது பார்க்கிற செலவு, அதற்கு ஏற்ற புது டிக்கட், இதில் எதையும் நான் இன்னும் தொடவில்லை.

"ஆள் இல்லாம விடலாமே மாமா?"

விடலாம். ஆள் இல்லாத நேரத்தில் கேற்றைத் திறந்தே வைக்க வேண்டும். நெருப்பு, நெரிசல் என்று வந்தால் சனம் வெளியேற வழி வேண்டுமே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டோமா? அந்த நாட்களில் எங்கள் தானியங்கிக் கேற் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பத்துப் பேரும் கேற்றுக்குப் பயந்து டிக்கட் எடுப்பார்கள் என்று யார் சொன்னது? ஐந்து பேர் பஸ்ஸில் போவார்கள். பொடியன்மார் சைக்கிளை எடுப்பார்கள். தவறிப்போன காசு எல்லாம் திரும்பி வருகிற காசு இல்லை.

கேற்றே வேண்டாம் என்று சொல்லவில்லை. மனைவியின் வைத்தியத்துக்குச் சென்னைக்குப் போனபோது இரண்டு வகையையும் பார்த்தேன். 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் கேற் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. நான் ஏறின நிலையம் நிலத்துக்குக் கீழே, சுற்றி மதில், சில நிமிடத்துக்கு ஒரு வண்டி, அலையாகச் சனம். அதே ஊரில் கடற்கரையில் இருந்து தாம்பரம் ஓடுகிற மின்சார ரயிலுக்குக் கேற் இல்லை. அந்த நிலையங்கள் நாலு பக்கமும் திறந்தவை, பரிசோதகர் வந்து கேட்பார். சுவிஸில் இருக்கிற தங்கச்சி மகள் சொல்வாள், அங்கே ரயிலடியில் கேற்றே கிடையாது, வண்டிக்குள் வந்து பார்ப்பார்கள், இல்லையென்றால் தண்டம் என்று. பணக்கார நாடு கேற்றுக்குக் காசில்லாமலா விட்டது?

எங்கள் மாவட்டத்தில் எங்காவது ஒரு கேற் போடத்தான் வேண்டுமென்றால் மட்டக்களப்பு நிலையத்தில் போடலாம். பாதை அங்கே முடிகிறது. அம்பாறை மாவட்டத்துக்குத் தண்டவாளமே இல்லாததால் கல்முனைப் பக்கத்துச் சனமும் பஸ்ஸில் வந்து அங்கேதான் கோச்சி ஏறும். இரவு மெயில் கோச்சிக்குச் சேருகிற கூட்டத்தைப் பார்த்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். அப்போதும் கருவாட்டுப் பெட்டியும் அரிசிச் சாக்கும் எந்தக் கேற்றுக்குள்ளால் நுழையும் என்று ஒருவர் நின்று யோசிக்க வேண்டும்.

மருமகன் கேட்காத ஒன்றையும் சொன்னேன். நாங்கள் விற்ற தடித்த அட்டை டிக்கட்டை 1830களில் இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிபர் உருவாக்கினார். அதுவரை கையால் எழுதிக் கொடுத்தார்கள், எத்தனை விற்றது, காசு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அட்டையில் வரிசை இலக்கம் வந்த பிறகு ஒவ்வொரு டிக்கட்டுக்கும் விற்றவன் பதில் சொல்ல வேண்டி வந்தது. பயணியைப் பிடிக்கிற அளவுக்கு விற்கிறவனையும் பிடிக்கிற அட்டை அது. ஒவ்வொரு இரவும் கடைசி இலக்கத்தைப் பார்த்து, காலை இலக்கத்தைக் கழித்து, காசை எண்ணி, ஒரு ரூபா குறைந்தாலும் என் பொக்கற்றில் இருந்து போட்டவன் நான்.

எனக்குத் தெரிந்த பெரிய கசிவும் வேலிப் பொட்டால் போனது இல்லை. வெளியே போகிறவரிடம் வாங்கின டிக்கட் அன்றைக்கே இன்னொருவர் கைக்குப் போன கதை ஒன்று உண்டு. யார், எங்கே என்பது இங்கே வேண்டாம். அந்தக் கையைக் கேற் மறிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு டிக்கட்டையும் பதிகிற ஒரு சின்ன மெசின் யன்னலடியில் இருந்தாலே அதுவும் மறிக்கும், அதற்குக் கதவு தேவையில்லை. மிச்சக் காசில் மேடையை இரண்டு பெட்டி நீளத்துக்கு நீட்டி ஒரு லைற்றும் போட்டால் வேலிப் பொட்டுத் தானாக அடைபடும். இதை நான் வேலையில் இருந்த காலத்தில் எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை.

யுத்தத்தில் நின்றுபோன பாதை 2003இல் திரும்பத் திறந்த நாட்களில், போக இடமில்லாத சனமும் கோச்சி பார்க்க வந்து மேடையில் நின்றது. மேடை டிக்கட் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு கிழவி இறங்கி வந்தா. மரக்கேற்றடியில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினா. பல்லால் கடித்து ஒரு முடிச்சு, அதற்குள் இன்னொன்று. பின்னால் ஆட்கள் நின்றார்கள், யாரும் சத்தம் போடவில்லை. உள்ளே ஒரு பத்து ரூபாத் தாள், பாக்குத் துண்டு, வியர்வையில் ஊறி மூலை மடிந்த டிக்கட். அதை நிமிர்த்தி என் கையில் வைத்துவிட்டுக் கேட்டா, "இத வச்சிக்கலாமா மனே?"

விதிப்படி டிக்கட்டை வாங்க வேண்டும். நான் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைய கணக்கில் ஒரு டிக்கட் குறைந்தது, "வேலிப் பொட்டால் போனது" என்று எழுதினேன்.