எந்த வேலைக்குச் சரி சொல்வது: ஜூன் மாத மிஸ்டரி ஷாப்பிங் குறிப்புகள்

ஜூன் 3, 2024, திங்கள்

வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், அங்கே எப்படிக் கவனித்தார்கள் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பதுதான் மிஸ்டரி ஷாப்பிங். இந்த மாத வேலைகள் வந்துவிட்டன. தி.நகரில் வீட்டு உபயோகப் பொருள் கடை, 400 ரூபாய். வேளச்சேரி மாலில் ஓர் உணவகம்: கூலி கிடையாது, 900 ரூபாய் வரை பில் பணம் திரும்ப வரும். ஒரு நகைக்கடை, 700.

தொகையைப் பார்த்து நான் வேலையை எடுப்பதில்லை. போய் வரும் நேரம், கடைக்குள் நிற்கும் நேரம், ரிப்போர்ட் எழுதும் நேரம் எல்லாவற்றையும் கூட்டி, கூலியை அதால் வகுப்பேன். மணிக்கு 100 ரூபாய்கூடத் தேறாவிட்டால் வேண்டாம். கடையில் இருபது நிமிடம்தான் ஆகும். ரிப்போர்ட்தான் உயிரை வாங்கும். கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று போடும் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் எழுத வேண்டும். கேள்வித்தாளை முதலிலேயே காட்டாத வேலைக்கு நான் சரி சொன்னதே இல்லை.

போக்குவரத்துச் செலவு எனக்குப் பெரிதாக இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பல்லாவரத்திலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது. ஆட்டோ பிடித்துத்தான் போக முடியும் என்ற இடமென்றால் பாதிக் கூலி வழியிலேயே போய்விடும்.

ஜூன் 5, புதன்

உணவக வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ‘இலவசச் சாப்பாடு’ என்கிறார்கள். முதலில் 900 ரூபாய் என் கையிலிருந்து போகும். திரும்பி வர 45 நாள். பில்லில் ஒரு தேதி தவறினால், கைகழுவும் இடத்தின் போட்டோ ஒன்று விட்டுப்போனால், அந்தப் பணமும் சந்தேகம்தான். பிள்ளைகளின் நோட்டு, ஷூ வாங்கும் மாதத்தில் அந்தத் தொகையை முடக்க மனமில்லை. பிறந்தநாளுக்கு எப்படியும் வெளியே சாப்பிடத்தான் போகிறோம் என்றால் எடுத்திருப்பேன்.

ஜூன் 7, வெள்ளி

தி.நகர் வேலை முடிந்தது. வாஷிங் மெஷின் வாங்க வந்தவளாகப் போனேன். கடைக்குள் நுழைந்த நேரம், ஆள் வந்து பேசிய நேரம் இரண்டையும் எனக்கே வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்பிப் பதிந்துகொள்வேன். நேரம் தானாகப் பதிவாகிவிடும், பார்ப்பவருக்கும் தெரியாது.

அந்தத் தம்பி அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். டாப் லோடுக்கும் ஃப்ரண்ட் லோடுக்கும் தண்ணீர்ச் செலவில் என்ன வித்தியாசம், எங்கள் பகுதியின் உப்புத் தண்ணீருக்கு எது தாங்கும் என்று கேட்காததையும் சொன்னார். அவருக்கு விற்றால்தான் இன்சென்டிவ். அதனால்தான் இந்த மாதிரிக் கடைகளுக்குச் சனி, ஞாயிறு ஸ்லாட்டை நான் எடுப்பதில்லை, எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும். கூட்டமில்லாத வார நாள் முற்பகலில் போனால் அவருடைய வியாபாரம் என்னால் கெடாது. அவர் சொன்னதை ஒரு வரிகூட விடாமல் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

ஜூன் 12, புதன்

திங்களன்று பள்ளி திறந்துவிட்டது. இனி பத்திலிருந்து மூன்று மணிவரைதான் என் நேரம்.

பெட்ரோல் பங்க் வேலை 200 ரூபாய்தான், ஆனாலும் எடுத்தேன். பிள்ளையை விட்டுவரும் வழியிலேயே இருக்கிறது, கேள்விகளும் குறைவு. மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டுகிறார்களா, பில் தருகிறார்களா, காற்று இலவசமா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே, அளவில் சந்தேகம் என்று சொல்லி 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேட்கச் சொல்லியிருந்தார்கள். முகம் சுளிக்காமல் எடுத்து வந்து ஊற்றிக் காட்டினார்கள். 25 மில்லி வரை வித்தியாசம் இருக்கலாம். இதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், மிஸ்டரி ஷாப்பராக இருக்கத் தேவையில்லை. வண்டி வைத்திருக்கும் எல்லாப் பெண்களும் ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15, சனி

எதிர்வீட்டுத் தங்கச்சி டெலிகிராமில் வந்த ஒன்றைக் காட்டி, “அக்கா, இதுவும் நீங்க பண்றதுதானே?” என்றாள். ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாயாம். முதல் இரண்டுக்குப் பணம் வந்தும்விட்டது. அடுத்து ‘பிரீமியம் டாஸ்க்’குக்கு 2,000 கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

“கட்டாதே. வேலை தர்றவங்க உன்கிட்ட பணம் கேட்க மாட்டாங்க” என்றேன். எங்கள் வேலையில் பதிவுக் கட்டணம் கிடையாது. பான் எண் கேட்பார்கள், கூலியில் டிடிஎஸ் வரி பிடிப்பதற்காக. ஓடிபி கேட்டால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லி, எண்ணை அவள் போனிலேயே பதிந்து கொடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

நகைக்கடை 700-ஐ விட்டுவிட்டேன். பேசுவதை முழுக்க ரகசியமாக ஆடியோ எடுக்க வேண்டுமாம். கூடவே, தட்டுத் தட்டாக எடுத்துக் காட்டச் சொல்லி, பில் போடும் நேரத்தில் எழுந்து வர வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்ணை அப்படி அலைக்கழிக்க என்னால் முடியாது.

கார் ஷோரூமுக்கு 1,000. டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸ், சொந்த நம்பர் இரண்டும் கொடுக்க வேண்டும். அதன்பிறகு மாதக்கணக்கில் போன் வரும். இன்னொரு சிம் இருப்பதால் சரி என்றேன்.

ஜூன் 27, வியாழன்

மாதக் கடைசியில் ஆள் கிடைக்காத வேலைகளுக்குக் கூலி ஏறும். காலையில் கோ-ஆர்டினேட்டர் கூப்பிட்டார்.

“மேம், செங்கல்பட்டு ஒண்ணு மட்டும் நிக்குது. 350.”

“ரயில்லயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் தம்பி. போய் வரவே அரை நாள் ஆகுமே.”

“500 போடறேன் மேம்.”

“700, போக்குவரத்து தனி. ரெண்டையும் மெயில்ல எழுதிடுங்க, நாளைக்கே முடிச்சுத் தர்றேன்.”

பத்து நிமிடத்தில் மெயில் வந்தது. கேள்வித்தாளும் கூடவே இருந்தது, இரண்டே பக்கம். நாளைக்குப் பிள்ளையை விட்டதும் நேரே ஸ்டேஷன்.