தலங்கமக் குளத்து இலைக்கோழி

கொழும்பில் பறவைகளைப் படம்பிடிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எங்கே போக வேண்டும் என்பதைத்தான். யால, பூந்தல, சிங்கராஜ, மன்னார் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். அவையெல்லாம் ஒரு முறையேனும் போகத்தக்க இடங்களே. ஆனால் இந்தக் கலையில் கை தேற விரும்புகிறவருக்கு நான் சொல்வது வேறு: விடியுமுன் புறப்பட்டு, அலுவலகத்துக்கு நேரமாகுமுன் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு குளத்தைத் தெரிந்தெடுங்கள், அந்தக் குளத்தில் ஒரு பறவையைத் தெரிந்தெடுங்கள், பல மாதங்களுக்கு அதை விட்டு நகராதீர்கள். என்னுடைய குளம் பத்தரமுல்லைக்கு அப்பாலுள்ள தலங்கம. என்னுடைய பறவை நீளவால் இலைக்கோழி.

இப்படியொரு தெரிவைச் செய்யும் வாய்ப்பு எல்லாத் தலைநகரங்களிலும் கிடைப்பதில்லை. 2018ஆம் ஆண்டு, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயம் உலகில் முதன்முறையாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தபோது, தெற்காசியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது கொழும்பு மட்டுமே. தியவன்னா ஓயாவை ஒட்டிய பெத்தகான, தலவத்துகொடையின் தியசரு பூங்கா, தெற்கே பெல்லன்வில அத்திடிய என்று வெள்ளவத்தையிலிருந்தோ தெகிவளையிலிருந்தோ ஓட்டோவில் போய் இறங்கக்கூடிய இடங்கள் பல உள்ளன. நகரத்தின் நடுவே பேரை வாவியில் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. இவற்றுள் தலங்கம வயல்களுக்கு நீர் பாய்ச்சும் குளம் என்பதால், தாமரையும் ஆம்பலும் கரையோரப் புல்லும் சேறும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. இலைக்கோழிக்கு வேண்டியதும் அதுதான்.

இனப்பெருக்க காலத்தில் அந்தப் பறவையை அருகில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். முகமும் முன்கழுத்தும் தூய வெள்ளை. பிடரியில் பொன்னிறம், அதன் ஓரமாக ஒரு கரிய கோடு. உடல் ஆழ்ந்த கபில நிறம். பின்னால் அரிவாள் போல் வளைந்து நீண்ட கரிய வால். மிக நீளமான விரல்கள் அதன் எடையைப் பரப்பிவிடுவதால், நீரில் மிதக்கும் ஆம்பல் இலையின் மேல் அது சாவதானமாக நடந்து போகும். மூடியிருக்கும் சிறகிலே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் தெரியும். பறக்கும்போது ஏறக்குறைய முழுச் சிறகும் வெள்ளையாக விரியும்.

படம்பிடிப்பவருக்கு இந்த வெள்ளையும் கபிலமும்தான் பெரும் பாடம். கபில உடலை அளவாகக் கொண்டு கமரா வெளிச்சத்தைக் கணித்தால், சிறகு விரிந்த கணத்தில் இறகுகளின் வரிகள் எல்லாம் வெளிறிப்போய், வெறும் வெண் தாளாகிவிடும். பின்னர் கணினியில் எவ்வளவு முயன்றாலும் அந்த வரிகள் மீளா. ஆகவே சிறகின் வெள்ளையைக் காப்பாற்றும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, கமரா பதிந்த தரவு முழுவதையும் அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாகவே எடுத்து, உடலின் இருண்ட பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்வதே என் வழக்கம். பறப்பதை உறைய வைக்க 1/2000 செக்கன் வேகம் வேண்டும். அதற்காக, கமரா ஒளியை உணரும் திறனின் அளவான ஐஎஸ்ஓ சற்று ஏறினாலும் பரவாயில்லை. அதனால் மணல் தூவியதைப் போல் சிறு புள்ளிகள் தெரியும் படத்தை ஏற்றுக்கொள்ளலாம், கண் தெளிவில்லாத படத்தை ஏற்க முடியாது.

ஆனால் எந்த வேகமும், எந்த லென்ஸும், பறவையின் அடுத்த அசைவை முன்கூட்டிச் சொல்லாது. இலைக்கோழி இறங்கியதும் சிறகை உடனே மடிப்பதில்லை. இரண்டு சிறகுகளையும் மேலே நிமிர்த்திப் பிடித்தபடி, இலை தன்னைத் தாங்குமா என்று பார்ப்பதைப் போல் ஒரு கணம் நின்று, அதன் பின்னரே மடிக்கும். அந்த ஒரு கணத்தில்தான் வெள்ளைச் சிறகும் கரிய நுனிகளும் பொற்பிடரியும் ஒன்றாகத் தெரியும். இதை அறிந்தவர் பறவை எழும்பும்போது அவசரப்படாமல், அது எங்கே இறங்கும் என்று பார்த்து அங்கே லென்ஸைத் திருப்பிக் காத்திருப்பார். காலை எட்டரைக்கு மேல் கொழும்பு வெயில் கடுமையாகி, நீர்ப்பரப்பின் மேல் காற்று நடுங்கத் தொடங்கிவிடும். தூரத்துப் படங்கள் எல்லாம் மங்கிப்போகும். எனவே உள்ள நேரம் குறைவு. குளக்கட்டில் நின்று கீழ்நோக்கி எடுக்காமல், நீர்மட்டத்துக்கு அருகே உட்கார்ந்து எடுத்தால் பின்னணி தூரமாகி மென்மையாகும். பறவையும் நம்மைக் கண்டு அவ்வளவாக மிரளாது.

கூட்டைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த இனத்தில் அடைகாப்பது ஆண். உருவில் பெரிய பெண், மிதக்கும் தாவரங்களின் மேல் வழக்கமாக நான்கு முட்டைகளை இட்டுவிட்டு, அதே பருவத்தில் வேறொரு ஆணுடன் சேரும். அடைகாப்பும் குஞ்சுப் பராமரிப்பும் முழுவதும் ஆணின் பொறுப்பு. நாம் நெருங்கினால் எழுந்து போவது அந்த ஒரே காவலன்தான். கொழும்பிலோ காகங்களுக்குக் குறைவில்லை. ஆகவே கூட்டின் படம் எனக்கு வேண்டாம். கூடு எங்கே என்பதையும் எவருக்கும் சொல்வதில்லை. ஒலிப்பதிவை இசைத்துப் பறவையை வரவழைப்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. நல்ல படத்துக்காகத்தானே என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். குஞ்சு பொரிக்கவிருந்த முட்டையைவிட மேலான படம் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊரின் ஈரப்பதம் லென்ஸுக்கு எதிரி. உள்ளே பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுப்பது கடினம். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதும், குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்தவுடன் பையைத் திறக்காமல் சற்றுப் பொறுப்பதும் போதும்.

இனப்பெருக்க காலம் முடிந்ததும் நீள வால் உதிர்ந்துவிடும். வயிறு வெள்ளையாகி, மார்பில் ஒரு கரிய பட்டை மிஞ்சும். பொன்னிறம் கழுத்தோரம் மங்கிக் கிடக்கும். அப்போது குளக்கட்டில் கமராக்கள் குறைந்துவிடும். ஆறுமணிக்குருவியும் தகைவிலானும் வடக்கிலிருந்து வந்து சேரும் மாதங்களில், எல்லோரும் அவற்றைத் தேடிப் போவது இயல்பே. நான் தலங்கமவிலேயே இருந்து, வால் உதிரத் தொடங்கிய பறவை, பாதி மாறிய பறவை, முழுதும் மாறிய பறவை என்று ஒரு வரிசையைச் சேர்த்து வருகிறேன். அந்த வரிசையில் இன்னும் குறைவது, வால் மீண்டும் முளைக்கும் நாட்களின் படங்கள்.