நின்றுபோன சின்ன டீசல் டிராக்டர்: கழற்றிப் பார்த்ததும் ஓடவைத்ததும்

வண்டி இது: மூன்று சிலிண்டர், சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவு, ரேடியேட்டர் வைத்த டீசல் இன்ஜின், 20 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கீழே. சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக், குளிர்ந்த இன்ஜின் பற்ற உள்ளே சூடேற்றுவது. மூன்றுக்கும் சேர்த்து பிளாக்கின் பக்கத்தில் ஒரே வரிசை டீசல் பம்ப். பல வருடம் கொட்டகையில் அப்படியே நின்றது. இப்போது செல்ஃப் சோம்பலாகச் சுற்றும், பற்றாது, சைலன்சரில் துளிப் புகை கூட வராது.

புகையே இல்லை என்பதுதான் முதல் துப்பு. டீசல் உள்ளே போய் எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகை வந்தே தீரும். புகை இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்திய டீசல் இன்ஜின், வெறுமனே நின்றதால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தத்தை, இழப்பது அபூர்வம். கெடுவது டீசல் வழியும் மின்சாரமும்தான். ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், நல்ல கேஸ்கட்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

செல்ஃப் அடிக்கும் முன்

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு முதலில் ஆயில். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் இருந்தால் தண்ணீர். அளவுக்கோட்டுக்கு மேலே ஏறி டீசல் வாடை அடித்தால், பம்ப் வழியாக டீசல் கசிந்து கீழே இறங்கியிருக்கிறது. இதில் இரண்டும் இல்லை, வெறும் கறுப்பு. வடிகால் போல்ட்டை ஒரேயடியாகக் கழற்றாமல் அரைச்சுற்று மட்டும் தளர்த்திப் பார்ப்பது நல்லது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஃபில்டரோடு சேர்த்து 15W-40 டீசல் இன்ஜின் ஆயில் மாற்றியாயிற்று.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்ததும் எலிக்கூடு. பஞ்சு, சருகு, கடித்த வயர் துண்டு என்று இன்டேக் வளைவு வரை அடைத்திருந்தது. இதைப் பார்க்காமல் செல்ஃப் அடித்திருந்தால் குப்பை முழுவதும் வால்வுக்குள் போயிருக்கும். இன்டேக் குழாயை முழுதாகக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு துளையையும் பார்த்து முடித்த பிறகே அடுத்த வேலை.

ஹீட்டர் பிளக்குகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். மெல்லிய 10 மி.மீ. மரை, முறிந்து உள்ளே தங்கினால் அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும். இறுக்கமாக வந்தால் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி எடுக்கலாம். மல்டிமீட்டரில் இரண்டு பிளக் ஒரு ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டின. மூன்றாவதில் தொடர்பே இல்லை. இவ்வளவு சிறிய மின்தடையை அளக்கும்போது மீட்டர் வயரின் மின்தடையே 0.2, 0.3 ஓம் வரும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் புதிதாகப் போட்டாயிற்று. மற்ற இரண்டும் அதே வயதுதானே.

பிளக் துளை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு ஊறவைத்து, அந்த இடைவெளியில் ராக்கர் மூடியைத் திறந்து பார்ப்பது அவசியம். நெடுநாள் நின்ற இன்ஜினில் வால்வு தண்டு கைடில் ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் சுற்றினால் புஷ்ராடு வளையும். இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு அமுங்கிய நிலையிலேயே நின்றது. அந்தப் பிஸ்டன் மேலே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தண்டில் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி விடுவித்தாயிற்று. பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. பிளக்குகள் வெளியே இருக்கும்போது இன்ஜின் எளிதாகச் சுற்ற வேண்டும்; ஏதாவது ஓரிடத்தில் கெட்டியாக இடித்து நின்றால் பலம் காட்டாமல் காரணத்தைத் தேடணும்.

இந்தக் கட்டத்தில் கம்ப்ரஷன் அளந்து மகிழ வேண்டாம். இப்போதுதான் ஊற்றிய ஆயில் ரிங் இடுக்கை அடைத்துக்கொண்டு பொய்யான அளவைக் காட்டும். துளைகள் மேல் துணி போட்டு, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடித்தால் போதும். உள்ளே நின்ற ஆயிலும் வெளியேறிவிடும், பேரிங்குகளுக்கும் ஆயில் போய்ச் சேரும்.

மின்சாரம்

சோம்பலாகச் சுற்றியதற்குப் பேட்டரியைக் குறை சொல்ல முடியவில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10.8 வோல்ட், 9.6-க்குக் கீழே போனால்தான் கவலை. அதே நேரம் பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் 1.4 வோல்ட். அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் பட்டை பெயிண்ட் மேல் அமர்ந்திருந்தது, அடியில் துரு. உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, புதுப் பட்டை போட்டதும் செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிட்டது. சுற்றும் வேகம் இல்லாவிட்டால் டீசல் பற்றுகிற அளவுக்குக் காற்று சூடாகாது. இதைச் சரிசெய்யாமல் டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றிப் பயனில்லை.

டீசல் வழி

டேங்கில் இருந்த டீசல் தேன் நிறம் தாண்டிக் கறுத்து, பழைய வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் தண்ணீர், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கறுத்த வழவழப்பு. தண்ணீர் இருக்கும் டேங்கில் நுண்ணுயிர் வளரும்; அதுதான் அந்தச் சளி. முழுவதையும் வடித்து, டேங்கை இறக்கி, உள்ளே சிறு சங்கிலியும் கொஞ்சம் டீசலும் விட்டுக் குலுக்கி, அது தெளிவாக வரும் வரை கழுவ வேண்டியிருந்தது. வெளிவாயில் இருக்கும் சிறு வலையை மறந்துவிடக் கூடாது. அது கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும், பாதி அடைத்தும் இருக்கும்.

ரப்பர் ஓஸ்களில் ஒன்றைக்கூட விடாமல் மாற்றியாயிற்று, நாசில்களுக்கு மேலே ஓடும் ரிட்டர்ன் ஓஸ் துண்டுகள் உட்பட. கெட்டியான ஓஸ் டீசலைச் சிந்தாமலே காற்றை உறிஞ்சும். வெளியே ஈரம் இல்லை, அதனால் ஓஸ் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் ஏர் லாக் தொல்லை தீராமல் இழுத்தடிக்கக் காரணம். சந்தேகம் இருந்தால் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி போன்ற ஓஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது தெரியும்.

புது ஃபில்டர், கிண்ணத்துக்குப் புது ஓ-ரிங், புது டீசல். ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி ஏர் எடுத்து, அடுத்து பம்ப் மேலுள்ள ஸ்குரூவில் குமிழி நிற்கும் வரை எடுத்தாயிற்று. பம்ப் வாசல் வரை டீசல் தாராளமாக வந்தது. பிறகு நாசில் முனை நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஸ்டாப் கம்பியை விட்டுவிட்டு, பத்து விநாடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு என்று அடித்தும் மூன்றுமே காய்ந்து கிடந்தன.

ஒரு சிலிண்டருக்கு வரவில்லை என்றால் பம்புக்குள் அதற்கு டீசலைத் தள்ளும் பிளஞ்சரையோ டெலிவரி வால்வையோ சந்தேகிக்கலாம். மூன்றுக்கும் சேர்ந்து வரவில்லை என்றால் மூன்றுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்டாப் சொலனாய்டு: சாவி போட்டதும் டக் என்றது, கழற்றிப் பார்த்தால் முள் முழுதாக உள்ளே போனது, அதில் குறையில்லை. இன்னொன்று, பம்புக்குள் ஓடும் ராக். மூன்று பிளஞ்சரையும் ஒரே நேரத்தில் திருப்பி டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பற்சட்டம் அது. ஸ்டாப் நிலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், பழைய டீசல் பிசினாகி ராக்கை அங்கேயே ஒட்டவைத்துவிடும். இங்கே நடந்தது அதுதான்.

பம்பை வெளியே எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகம். ஹை பிரஷர் பைப்புகளைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று பம்பின் வால்வு ஹோல்டரை அசையாமல் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப. திறந்த வாய் எதுவானாலும் உடனே மூடி போட வேண்டும். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய ஷிம்கள் இருக்கும், அவைதான் டைமிங். இந்த மாதிரிச் சிறு இன்ஜின்களில் 0.05 மி.மீ. ஷிம் கூடினாலோ குறைந்தாலோ டீசல் பீச்சும் நேரம் ஏறத்தாழ அரை டிகிரி நகரும். எத்தனை இருந்தனவோ அத்தனையும் அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும்.

வெளியே எடுத்த பம்பில் ராக் முள் கட்டைவிரலுக்கு அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெயும் சுத்தமான டீசலும் கலந்து ஊறவைத்து, முள்ளை விரலால் மட்டும் இருபுறமும் தள்ளத் தள்ள மயிரிழை அசைந்தது, பிறகு தாராளமானது. இடுக்கி போட்டால் முள் வளையும். பம்பைச் சாய்த்தால் ராக் தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். அதற்குக் குறைவாக எந்த நிலையையும் ஏற்கக் கூடாது. பிளஞ்சர்களைப் பிரிக்கவில்லை. பிளஞ்சரும் அதன் பேரலும் ஒன்றுக்கொன்று இழைத்த ஜோடி, இடைவெளி ஓரிரு மைக்ரான்தான்; கலந்துவிட்டால் பம்ப் முடிந்தது.

திருப்பி மாட்டும்போது ராக் முள் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் லீவரின் கவட்டைக்குள் சரியாக உட்கார வேண்டும். மூடித் துளை வழியே பார்த்து, ஸ்டாப் லீவரை ஆட்டினால் முள் கூடவே நகர்கிறதா என்று உறுதி செய்த பிறகே போல்ட் இறுக்கணும். முள் கவட்டைக்கு வெளியே நின்றுவிட்டால் கவர்னருக்கும் பம்புக்கும் தொடர்பே இருக்காது. பற்றிய மறு நொடி இன்ஜின் தறிகெட்டு ஓடி உடையும். பம்பைத் தொட்ட எந்த இன்ஜினையும் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது ஏர் பைப்பைக் கழற்றிவிட்டு, இன்டேக் வாயை முழுதும் மூடுகிற அளவில் தடித்த பலகை ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். டீசல் ஓஸை மடிப்பது உதவாது, பம்பில் நிற்கும் டீசலே போதும். உள்ளங்கையால் மூடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நாசில்களை டெஸ்ட் பம்பில் போட்டதில் இரண்டு 135 பார் அளவில் விட்டுவிட்டு ‘விர்ர்’ என்று பனியாகப் பீச்சின. மூன்றாவது 100 பாரைத் தாண்டுவதற்குள் மூக்கில் சொட்டு கட்டியது. இந்த வகை நாசிலுக்கு 140 பாரை ஒட்டி இருக்க வேண்டும். புது மூக்கு, ஷிம் சரிப்பு, செம்பு வாஷர் எல்லாம் புதிது. பீச்சும் டீசலுக்கு முன் விரல் நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பற்றிய பிறகு

ஏர் எடுத்து, மூன்று முனையிலும் டீசல் துடித்து வந்ததும் நட்டுகளை இறுக்கி, இருபது விநாடி ஹீட்டர், பாதி ஆக்சிலேட்டர். முதலில் ஒரு சிலிண்டர், பிறகு இரண்டு, கொஞ்சம் தள்ளி மூன்றாவது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. ஊற்றிய ஆயில் எரியும் நீலமும் அதில் கலந்திருந்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும்.

வெள்ளைப் புகை குறைந்தும் ஒரு தட்டல் மிச்சம் இருந்தது. ஓடும்போதே நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி சுற்றி, கால் சுற்று தளர்த்திப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிடும்: எதைத் தளர்த்தும்போது இன்ஜின் துவளுகிறதோ அது வேலை செய்கிறது, எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. இரண்டாம் சிலிண்டர், அதாவது ஒட்டியிருந்த எக்ஸாஸ்ட் வால்வு. ஆறிய பிறகு வால்வு இடைவெளி 0.3 மி.மீ.க்கு மேல் காட்டியது, 0.18-க்கு வைத்ததும் தட்டல் போயிற்று. சூடாக்கி ஆயிலெல்லாம் எரிந்த பிறகு எடுத்த கம்ப்ரஷன்: 29, 28, 27 பார். ஏறத்தாழ 23-க்குக் கீழே போனால்தான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு.

ரேடியேட்டரில் துருத் தண்ணீர்தான் வந்தது. தெளியும் வரை கழுவி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. பெல்ட்டும் தெர்மோஸ்டாட்டும் புதிது. சார்ஜிங் 14.2 வோல்ட், பழுதில்லை.

கியர் விழவில்லை. பெடலை முழுதாக மிதித்தாலும் கரகரத்தது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துரு பிடித்து ஒட்டியிருந்தது. அதற்காக உடனே வண்டியை நடுவில் பிளக்கத் தேவையில்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, மேல் கியரில் போட்டு, பெடலை அமுக்கி மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்களைப் பிடித்து முன்னும் பின்னும் வெடுக் வெடுக்கென்று ஆட்டினால், ஃப்ளைவீலை இன்ஜினின் கம்ப்ரஷன் பிடித்துக்கொள்ளும், பிளேட்டைச் சக்கரம் இழுக்கும். இந்த வண்டி இரவு முழுவதும் பெடல் அமுங்கியே இருந்து, காலையில் ஆட்டும்போது ‘டப்’ என்று விட்டது. துருத் தூள் தேயும் வரை கொஞ்ச தூரம் அதிர்ந்து கிளம்பும், பிறகு சரியாகும்.

ஹைட்ராலிக் இன்னும் முடியவில்லை. கியர்பாக்ஸுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய். அது பால் மாதிரி வெளுத்திருந்தது. ராத்திரி நின்ற வண்டியில் காலையில் வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால் தண்ணீர் தனியாக முதலில் வரும், பிறகு எண்ணெய். சக்ஷன் வலையைக் கழுவி, புது எண்ணெய் விட்டதும் லிஃப்ட் ஏறுகிறது, ஆனால் பாரம் வைத்தால் மெல்ல இறங்குகிறது. புது எண்ணெயும் லேசாக வெளுத்துவிட்டது, மூலை முடுக்கில் தங்கிய தண்ணீர் அது. ஒரு நாள் வேலை வாங்கிவிட்டு இதையும் வடித்து மறுபடி நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகும் இறங்கினால் லிஃப்ட் பிஸ்டனின் ஓ-ரிங்கையும் பேக்கப் ரிங்கையும் மாற்ற வேண்டும்.