நான் மாற்றி எழுதிய படக்குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், நாஜி ஜெர்மனி நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பற்றி எழுதிய கட்டுரையில், வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களுக்கு நடுவே சிப்பாய்கள் நிற்கும் படமொன்றைச் சேர்த்து, ‘ஆஷ்விட்ஸ், 1945’ என்று குறிப்பு எழுதியிருந்தேன். அந்தச் சிப்பாய்கள் அமெரிக்கர்கள் என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகே பிழை உறைத்தது. ஆஷ்விட்ஸை 1945 ஜனவரி 27 அன்று மீட்டது சோவியத் படை. நான் சேர்த்த படமோ அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் நார்ட்ஹவுசன் முகாமில் எடுக்கப்பட்டது; அதில் கிடந்தவர்கள் பல நாட்டுக் கைதிகள், பட்டினியாலும் நோயாலும் மாண்டவர்களோடு பிரிட்டிஷ் விமானக் குண்டுவீச்சில் இறந்தவர்களும் அவர்களில் உண்டு.

பிறகு இத்தகைய பிழைகளைத் தேடிப் படித்தபோது என்னை வெகுநாள் விடாதிருந்தது, சரக்கு ரயிலின் கதவிடுக்கில் தலையில் துணி கட்டியபடி வெளியே பார்க்கும் சிறுமியின் படம். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1944 மே 19 அன்று புறப்பட்ட அந்த ரயிலை, அங்கே கைதியாக இருந்த யூத ஒளிப்படக் கலைஞர் ருடால்ஃப் ப்ரெஸ்லாவர் முகாம் தளபதியின் உத்தரவுப்படி படமாக்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், பெயர் தெரியாத அவள் யூதச் சிறுமி என்றே எல்லோரும் நம்பினார்கள். டச்சுப் பத்திரிகையாளர் ஆத் வாகெனார் விடாமல் தேடி, அதே பெட்டியில் சென்று உயிர் தப்பிய பெண்மணி ஒருவரை 1994-இல் சந்தித்த பிறகே, அவள் ‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் ஒரு பிரிவான சின்டி இனத்தைச் சேர்ந்த செட்டெலா ஸ்டைன்பாக் என்று தெரிந்தது. முகாமில் மொட்டையடிக்கப்பட்டதால்தான் அந்தத் தலைத்துணி. ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவளுக்கு வயது 9. அந்த ரயிலில் யூதர்களும் இருந்தார்கள் என்பதால் யூதர்களின் துயரத்துக்கான சான்று எதுவும் இதனால் குறையவில்லை. மறக்கப்பட்டிருந்த இன்னொரு மக்களின் துயரம்தான் கூடுதலாகத் தெரியவந்தது.

எல்லாத் திருத்தமும் இப்படி முடிவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ராணுவம் செய்த குற்றங்களைக் காட்டி 1995-இல் தொடங்கிய படக் கண்காட்சியில், சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்களின் படங்கள் சிலவும் கலந்துவிட்டதாக எழுந்த விமர்சனத்தால் 1999-இல் அதை நிறுத்தினார்கள். ஆராய்ந்த குழு, 1,433 படங்களில் பொருந்தாதவை 20-க்கும் குறைவு என்றது. ராணுவத்தின் குற்றங்களை ஏற்க மறுத்தவர்களுக்கு அந்தச் சில படங்களே போதுமாயிருந்தன.

என் கட்டுரையில் குறிப்பை ‘நார்ட்ஹவுசன், ஏப்ரல் 1945’ என்று மாற்றிய கையோடு வேலை முடியவில்லை. படத்தைச் சுற்றி நான் எழுதியிருந்த பத்தி முழுவதும் ஆஷ்விட்ஸின் நச்சுவாயு அறைகளைப் பற்றியது; படத்தில் கிடந்தவர்களோ அப்படி இறந்தவர்கள் அல்ல. அதனால் படத்தையே எடுத்துவிட்டேன்.