சால்சோல்: பள்ளத்தின் அகலம், நாடாவின் நீளம்

2024 மார்ச் 3, ஞாயிறு

எழுபதுகளின் நடன இசையான டிஸ்கோ காலத்துச் சிறு லேபிள்களில் (இசைத்தட்டு நிறுவனங்களில்) நியூயார்க்கின் சால்சோல் ரெக்கார்ட்ஸை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நடன அரங்குக்குத் தேவையான நீளத்தையும் ஒலி அழுத்தத்தையும் கடையில் விற்கும் சரக்காக மாற்றிக் காட்டியது அந்த லேபிள்தான்.

ஜோசப், கென்னத், ஸ்டான்லி என்ற கெய்ர் சகோதரர்கள் மூவரும் முதலில் லத்தீன் இசை வியாபாரிகள். மெக்சிகோ இசைத்தட்டுகளுக்கு உரிமம் பெற்று, கேட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தின் வழியே அமெரிக்காவில் விற்றார்கள். மெரிக்கானா என்று சொந்த லேபிளும் இருந்தது. அதில் ஜோ பத்தான் 1973இல் போட்ட ஆல்பத்தின் பெயர் 'சால்சோல்': சால்சா என்ற லத்தீன் நடன இசையும் சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசையும் சேர்ந்த சொல். அந்தப் பெயரையே புது லேபிளுக்கு வைத்தார்கள். கிடங்கு, கடைக்காரர் பட்டியல், பணம் வசூலிக்கும் ஆள் எல்லாம் லேபிள் தொடங்கும் முன்பே கையில் இருந்தன. பல சிறு லேபிள்கள் நல்ல பாட்டோடு தொடங்கி, வசூலுக்கு ஆளில்லாமல் மூடின. இவர்களுக்கு வசூல் வழி முதலில் வந்தது, பாட்டு பிறகு வந்தது.

2024 மார்ச் 6, புதன்

பாட்டு வந்த இடம் ஃபிலடெல்ஃபியா. ஜோ டார்சியா 1968இல் தொடங்கிய சிக்மா சவுண்ட் ஸ்டூடியோ. வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கலைஞர் வின்சென்ட் மொன்டானா அங்கே வாசித்துக்கொண்டிருந்த குழுவைத் திரட்டி சால்சோல் ஆர்கெஸ்ட்ராவை அமைத்தார். டிரம்ஸில் ஏர்ல் யங், பேஸ் கிட்டாரில் ரோனி பேக்கர், கிட்டாரில் நார்மன் ஹாரிஸ், கையால் தட்டும் கோங்கா முரசில் லாரி வாஷிங்டன். இவர்கள் ஏற்கெனவே வேறொரு பெரிய லேபிளின் ஹிட்களில் வாசித்துத் தேர்ந்த கைகள். முதல் சிங்கிள் (ஒரு பாட்டுக்காக விற்கும் தட்டு) 'சால்சோல் ஹசில்', 1975.

பதிவு வரிசை இப்படி: முதல் நாள் டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, கோங்கா எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிப்பார்கள். வேகத்தைக் காட்டும் கிளிக் ஓசை கிடையாது, ஏர்ல் யங்கின் கால்தான் கடிகாரம். பிறகு குரல். கடைசியாக வயலின் குழுவும் டிரம்பெட், டிராம்போன் குழுவும். இந்த வரிசையை மாற்றினால் சிக்கல்தான்: குரல் எங்கே மூச்சு விடுகிறது என்று தெரியாமல் வயலினை எழுதிவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் மோதும். இரண்டு அங்குல அகல ஒலிநாடாவில் 24 தடங்கள், தனித்தனியே பதியும் வரிசைகள். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்குத் தனித் தடம், குச்சியால் அடிக்கும் ஸ்னேருக்குத் தனித் தடம், ஜோடித் தாளமான ஹை-ஹேட்டுக்குத் தனித் தடம் என்று கொடுத்துவிட்டு, இருபது வயலின்களை இரண்டு தடத்தில் அடக்கிவிடுவது வழக்கம். பின்னாளில் மிக்ஸ் செய்ய (தடங்களைக் கலந்து பாட்டாக்க) வந்தவர்களுக்கு இது பெரிய வசதியானது. தாளம் தனித்தனியாகக் கையில் இருந்தது.

ஏர்ல் யங் வாசிப்பின் இலக்கணம்: தாளத்தின் நான்கு அடியிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், அடிகளுக்கு நடுவே ஹை-ஹேட்டைத் திறந்து மூடும் 'ட்ஸ்ஸ்'. கோங்கா அந்த இடைவெளிகளை நிரப்பும். இதன் மேல் எதைப் போட்டாலும் நடை மாறாது.

2024 மார்ச் 10, ஞாயிறு

1976 மே. டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்'. பொதுமக்களுக்கு விற்ற முதல் 12 அங்குல சிங்கிள் என்று வரலாறு குறிப்பது இதைத்தான். விலை 2.98 டாலர். கேலக்ஸி 21 கிளப்பின் டி.ஜே. வால்டர் கிப்பன்ஸ் அதை ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் நீட்டியிருந்தார்.

12 அங்குலம் என்ற யோசனை அதற்குமுன் பிறந்தது. மிக்ஸர் டாம் மோல்டனும் தட்டில் ஒலிப் பள்ளங்களை வெட்டும் பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸும் வேலை செய்த ஒரு நாளில் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோக, 10 அங்குலத் தட்டில் வெட்டினார்கள். பள்ளங்களைப் பரப்பி வெட்ட முடிந்ததால் ஒலி கூடியது. பிறகு 12 அங்குலத்துக்குப் போனார்கள். டி.ஜே.க்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் தட்டாகவே அது இருந்தது. அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது சால்சோல்.

ஏன் ஒலி கூடுகிறது? கணக்கு எளிது. 7 அங்குலத் தட்டில் பள்ளம் வெட்டக் கிடைக்கும் பட்டை சுமார் 30 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 45 சுற்று. மூன்றரை நிமிடப் பாட்டுக்கு 157 சுற்று, ஆகவே ஒரு சுற்றுக்கு 0.19 மி.மீ. அதே தட்டில் பத்து நிமிடம் போடப் பார்த்தால் 450 சுற்று, ஒரு சுற்றுக்கு 0.067 மி.மீ.தான் மிஞ்சும். அந்த அகலத்தில் பேஸ் (தாழ்ந்த ஒலி) வெட்டவே முடியாது, பக்கத்துப் பள்ளத்தின் சுவர் இடிந்துவிடும். 12 அங்குலத்தில் பட்டை சுமார் 86 மி.மீ. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் பத்து நிமிடத்துக்கு 333 சுற்று, சுற்றுக்கு 0.26 மி.மீ. 22 நிமிட எல்.பி. (முழு ஆல்பத் தட்டு) பக்கத்தில் இது 0.12 மி.மீ.தான். அதாவது பத்து நிமிடப் பாட்டுக்கு எல்.பி.யைப்போல் இரு மடங்கு அகலம் கிடைக்கிறது. பள்ளத்தின் ஆட்டம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் கூடும்.

வேகமும் உண்டு. 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. ஓடும். 45 சுற்றில் வைத்தால் 69 செ.மீ. 7 அங்குல சிங்கிளின் விளிம்பிலேயே 40 செ.மீ.தான். ஒரே நொடி ஒலிக்கு அதிக நீளம் கிடைத்தால் ஹை-ஹேட்டின் நுண்ணிய நெளிவுகளை ஊசி தெளிவாகப் படிக்கும். நடன அரங்கின் பெரிய ஒலிபெருக்கிகளில் இந்த வித்தியாசம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாதபடி கேட்கும்.

2024 மார்ச் 11, திங்கள்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: அகலம் இருந்தாலும் வெட்டுவதில் தவறு நேரும் இடங்கள்.

வெட்டும்போது ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற இசைத்தட்டுத் தொழிலின் பொது அளவுகோலின்படி பேஸைக் குறைத்து (50 ஹெர்ட்ஸில் சுமார் 17 டெசிபெல்), உயர்ந்த சுருதி ஒலியைக் கூட்டி (10,000 ஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபெல்) வெட்டுவார்கள். வாசிக்கும் ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிப் போடும். அப்படியும் பேஸ் இடது வலதாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று எதிராக ஆடினால் பள்ளம் பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழுமாக ஆடும். ஒரு கணம் பள்ளமே இல்லாமல் போகும், ஊசி குதிக்கும். அதனால் கிக்கும் பேஸ் கிட்டாரும் நடுவில்தான் இருக்க வேண்டும். மிக்ஸில் அப்படி இல்லாவிட்டால் வெட்டுபவர் தாழ்ந்த அலைகளை மட்டும் ஒன்றாக்கிவிடுவார்.

இன்னொன்று தட்டின் மையம். விளிம்பில் 51 செ.மீ. ஓடிய பள்ளம் மையத்தருகே 21 செ.மீ.தான் ஓடும். அங்கே சிம்பலும் 'ஸ'கரமும் கரகரக்கும். பாட்டின் உச்சம் கடைசியில்தான் வருகிறது என்றால் மையத்துக்கு வெகு முன்பே முடித்துவிடுவது நல்லது.

2024 மார்ச் 16, சனி

நீட்டுவது எப்படி? பிளேடும் பசைநாடாவும்தான் கருவி.

நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஏழரை அங்குலம். நான்கு அடி கொண்ட ஒரு பாருக்கு 30 அங்குலம். எட்டு பார் வேண்டுமென்றால் 240 அங்குலம், அதாவது 20 ஃபீட் நீள நாடா. அதைத் தரையில் விடாமல் கழுத்திலோ கொக்கியிலோ மாட்டிவைக்க வேண்டும், எது தலை எது வால் என்று மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும் இடம் கிக் டிரம் அடிக்குச் சற்று முன். ரீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் அடி 'ங்ங்' என்று எழும் இடம் தெரியும். அங்கே குறியிட்டு, பள்ளம் வெட்டிய கட்டையில் நாடாவைப் படுக்கவைத்து 45 பாகைச் சாய்வில் வெட்டுவது. நேராக வெட்டினால் இணைப்பில் 'டொக்' என்று கேட்கும், சாய்வில் ஒலி வழுக்கிக்கொண்டு மாறும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் டொக் வரும். காந்தம் நீக்கிய பிளேடே வேண்டும்.

பிசகும் இடங்கள் இரண்டு. ஒன்று எதிரொலி: குரலின் வால் அடுத்த பாருக்குள் நீண்டிருக்கும்போது வெட்டினால் அது கத்தரித்ததுபோல் நின்றுவிடும். ஆகவே குரல் இல்லாத, கோங்காவும் டிரம்ஸும் மட்டும் உள்ள பகுதிதான் நீட்டச் சிறந்தது. டிஸ்கோவில் 'பிரேக்' எனப்படும் இந்தப் பகுதி இவ்வளவு முக்கியமானதற்குக் கலைக் காரணம் பாதி, இந்தக் கைவேலைக் காரணம் பாதி என்பது என் கணிப்பு. இரண்டாவது வேகம்: மனிதர் வாசிக்கும் தாளம் பாட்டு முடிவதற்குள் சற்று ஏறும். தொடக்கத்தில் 120, முடிவில் 123 என்றால் ஓர் அடியின் நீளம் 7.5 அங்குலத்திலிருந்து 7.3 ஆகிவிடும். இறுதிப் பகுதியை வெட்டித் தொடக்கத்தில் ஒட்டினால் ஆடுபவர் கால் இடறும். பக்கத்துப் பக்கத்துப் பார்களையே ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

2024 மார்ச் 21, வியாழன்

1977. லொலீட்டா ஹாலோவேயின் 'ஹிட் அண்ட் ரன்'. நார்மன் ஹாரிஸ் சால்சோலின் கீழ் நடத்திய கோல்ட் மைண்ட் லேபிளில் வந்தது.

இதற்கு வால்டர் கிப்பன்ஸின் கையில் 24 தட மூல நாடாவையே கொடுத்தார்கள். முடிந்த மிக்ஸை வெட்டி ஒட்டுபவருக்கு நீளம் மட்டுமே வசம். மூல நாடா வந்துவிட்டால் எந்த வாத்தியம் எப்போது ஒலிக்கும் என்பதும் வசம். கிப்பன்ஸ் வயலின்களில் பெரும்பகுதியை மூடினார், முன்பகுதி வரிகளைக் குறைத்தார், ஹாலோவே கடைசியில் வரிகளை விட்டுத் தேவாலயப் பாணியில் கூவியும் இழுத்தும் பாடிய பகுதியைப் பாட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தார். பதினொரு நிமிடம் வரும் அந்தப் பதிப்பில் ஹாரிஸின் கவனமான இசையமைப்பு பாதிக்குமேல் காணாமல் போனது. எனக்கு அது இழப்பாகவே படவில்லை. சிகாகோ தேவாலயப் பாடலில் வளர்ந்த அந்தக் குரலுக்கு இடம் தேவைப்பட்டது, இந்தப் பதிப்பு அதைக் கொடுத்தது.

2024 மார்ச் 29, வெள்ளி

பணம்.

ஐம்பது பேர் வரை வாசிக்கும் குழுவுக்கு அமெரிக்க இசைக்கலைஞர் சங்க விதிப்படி மூன்று மணி நேர அமர்வுக்கு ஊதியம், தலைவருக்கு இரட்டிப்பு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு முதலிலேயே போய்விடும்.

அடுத்தது பாடலாசிரியர் ராயல்டி. 1909ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு தட்டில் ஒரு பாட்டுக்கு 2 சென்ட், நீளம் எவ்வளவானாலும். 'டென் பர்சென்ட்' வந்தபோது இந்த விதிதான். 1978 ஜனவரியில் விதி மாறியது: 2.75 சென்ட், அல்லது நிமிடத்துக்கு அரை சென்ட், எது அதிகமோ அது. பத்து நிமிடப் பாட்டுக்கு 5 சென்ட். 1981இல் நிமிடத்துக்கு முக்கால் சென்ட் ஆனது, பத்து நிமிடத்துக்கு 7.5 சென்ட். ஐந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எழுதியவர்களுக்கு நியாயமான காசுதான் அது. ஆனால் நீளத்தை விற்றுப் பிழைத்த லேபிளுக்கு நீளமே செலவானது.

12 அங்குலம் தன் ஆல்பத்தையே தின்னும் என்பதும் உண்டு. ஒரு பாட்டுக்காக ஆல்பம் வாங்க நினைத்தவர் 2.98 டாலர் சிங்கிளோடு திரும்பிவிடுவார். தட்டுக்கு ஆகும் பிளாஸ்டிக்கோ எல்.பி.க்கு ஆகும் அளவுதான்.

1978இல் மொன்டானா வெளியேறினார். ராயல்டித் தகராறு. ஆர்கெஸ்ட்ராவின் பெயர் லேபிளிடம் தங்கியது, பிறகு டாம் மோல்டன் போன்றவர்கள் அதே பெயரில் தட்டுகள் தயாரித்தார்கள். கேட்டால் தெரியும்: தாளம் இருக்கிறது, வைப்ரஃபோனும் வயலினும் ஒன்றை ஒன்று கேட்டுப் பதில் சொல்லும் அந்த எழுத்து இல்லை.

2024 ஏப்ரல் 5, வெள்ளி

1979 தொடக்கத்தில் லேபிள் உச்சத்தில்தான் இருந்தது. பன்னி சிக்லர் தயாரித்து, லாரி லெவன் மிக்ஸ் செய்த இன்ஸ்டன்ட் ஃபங்க்கின் 'ஐ காட் மை மைண்ட் மேட் அப்' அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) விற்பனைப் பட்டியலில் முதலிடம். ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். சால்சோல் வீழ்ந்த கதையை அந்த இரவோடு முடிப்பவர்கள் பலர். அது சரியல்ல. அடி விழுந்தது கிடங்கில். விற்காத தட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்பது அப்போதைய வழக்கம். வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைவிட்டதும் விற்றதாக எழுதிவைத்த சரக்கு கடனாகத் திரும்பியது. தனி விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராக நொடித்தார்கள். சால்சோல் அதற்குள் ஆர்.சி.ஏ. என்ற பெரிய லேபிளின் விநியோகத்துக்குப் போயிருந்தது. தாக்குப்பிடித்தது அதனால்தான்.

செலவைக் குறைக்கும் வழியும் கண்டார்கள். வயலின் குழு போனது, மின்னணு ஒலி எழுப்பும் சின்தசைசர் வந்தது. ரேண்டி முல்லர் தயாரித்த புரூக்ளின் குழு ஸ்கை 1982இல் 'கால் மீ' பாட்டோடு மறுபடி ஆர் அண்ட் பி முதலிடம் பிடித்தது. ஃபர்ஸ்ட் சாய்ஸ் குழு 1977இல் பாடிய 'லெட் நோ மேன் புட் அசண்டர்' 1983இல் புது மிக்ஸ்களில் 12 அங்குலமாக வந்தது, ஷெப் பெட்டிபோனும் ஃபிராங்கி நக்கிள்ஸும் செய்தவை. ஆறாண்டுப் பழைய நாடாவிலிருந்து, புதிதாக ஒரு கலைஞரையும் அழைக்காமல். கேட்கச் சுகமான தட்டு அது. ஆனால் லேபிள் புதிதாகப் பதிவதைவிடப் பழையதைத் தோண்டுவதே மலிவு என்றாகிவிட்டது. எண்பதுகளின் நடுவில் கடையை மூடினார்கள். கெய்ர் சகோதரர்கள் வீடியோ கேசட்டுக்குப் போனார்கள், பிறகு கணினி விளையாட்டுக்கு. 1994இல் 'டூம் 2' விற்பனைக்கு வந்தது அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் வழியேதான்.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

நாடாக்களின் பிற்காலம்.

டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்து ஹாலோவே 1980இல் பாடிய 'லவ் சென்சேஷன்' குரலை இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு 1989இல் 'ரைடு ஆன் டைம்' பாட்டில் எடுத்தாண்டது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். வீடியோவில் வாயசைத்தவர் வேறொரு பெண். ஹாலோவே வழக்குத் தொடுத்துத்தான் பணம் வாங்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

இன்னொரு வழக்கில் அளவு மிகச் சிறியது. எண்பதுகளின் தொடக்கத்தில் சால்சோல் ஆர்கெஸ்ட்ராவின் 'லவ் பிரேக்' பதிப்பை மிக்ஸ் செய்த ஷெப் பெட்டிபோன், 1990இல் மடோனாவின் 'வோக்' பாட்டைத் தயாரித்தார். அதில் டிரம்பெட், டிராம்போன் குழு ஒரு கணம் ஊதும் துணுக்கு 'லவ் பிரேக்' தட்டிலிருந்து எடுத்தது என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சாதாரணமாகக் கேட்பவருக்கு அடையாளம் தெரியாத அளவு அது என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் மடோனா பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் துணுக்கின் நீளம் 0.23 நொடி. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் மூன்றரை அங்குலம்கூட வராது.