சாம்பியாவில் 40 சைக்கிள்

நேற்றுதான் சாம்பியாவிலிருந்து வந்து சேர்ந்தோம். எங்கள் சபையின் மாணவர் ஐக்கியத்திலிருந்து பதினோரு பேர், சோமா பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 40 சைக்கிள் கொடுக்கப் போயிருந்தோம். காலை ஜெபம் முடிந்ததும் வேலைதான், நட்டு முடுக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து. எல்லாம் பஃபலோ வண்டி, வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு அந்த மண் ரோட்டுக்கென்றே செய்தது, கேரியர் 100 கிலோ தாங்கும். கைப்பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கும், அறுந்துபோக ஒயரே இல்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தினமும் ஏழு கிலோமீட்டர் நடந்து வருகிறவள், செருப்பின் குதிகால் தேய்ந்து மண் தெரிகிறது. சைக்கிள் கைக்கு வந்ததும் ஏறவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சிட்டெங்கே துணி நுனியால் சீட்டை மெதுவாகத் துடைத்தாள், அப்புறம் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் மிதித்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்று. அந்த அமைப்பு 2005இல் தொடங்கியதே சுனாமியில் எல்லாம் இழந்த இலங்கை மக்களுக்குச் சைக்கிள் கொடுக்கத்தான். சாம்பியா போன பிறகுதான் எனக்கு இது தெரியும்.

சைக்கிளை மட்டும் கொடுத்தால் பத்தாது, பஞ்சர் ஆனால் ஒட்ட உள்ளூரில் ஆள் வேண்டும், டியூப் வேண்டும். அதற்குத்தான் இப்போது பணம் சேர்க்கிறோம். முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.