குயாபெனோவில் அனகோண்டாவைப் பார்த்தேன்

ஈக்வடார் தலைநகர் கீட்டோவிலிருந்து லாகோ அக்ரியோவுக்கு இரவு பஸ்ஸில் போவதுதான் வழக்கம். ஏறும்போது 2,850 மீட்டர் உயரத்தின் குளிர். ஆண்டீஸ் மலையின் கிழக்குச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, விடியற்காலையில் சட்டை உடம்போடு ஒட்டும் புழுக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எண்ணெயால் உருவான ஊர் அது. 1967-இல் அங்கே முதல் கிணற்றில் எண்ணெய் கண்டார்கள். அதன் பின்னால்தான் சாலையும் குடியேற்றமும் வந்தன. அங்கிருந்து குயாபெனோ ஆற்றுப் பாலம் வரை ஏறத்தாழ இரண்டு மணி நேர வேன் பயணம். சாலையோரமாக எண்ணெய்க் குழாய்கள் கூடவே வருகின்றன. மழைக்காட்டைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அவைதான். எனக்கு அது வலித்தது.

பாலத்தடியிலிருந்து மோட்டார் பொருத்திய நீளப் படகு. 1979-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் குயாபெனோ மழைக்காடு கிட்டத்தட்ட 6,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. சியோனா, செகோயா, கோஃபான், கிச்வா மக்கள் இதற்குள்ளேயே வாழ்கிறார்கள். எங்கள் வழிகாட்டி சியோனா சமூகத்தைச் சேர்ந்தவர். ஆற்று வளைவுகளைக் கடந்து லகூனா கிராண்டே ஏரிக்குள் நுழைந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டார்.

பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் ஏரி அது. மாக்ரோலோபியம் மரங்கள் இடுப்பளவு நீரில் தனித்தனியே நிற்கின்றன; கிளைகள் முழுக்க ஆர்க்கிட் செடிகளும் பாசியும். முந்தைய இரவு நல்ல மழை. "மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் அவள் மேலே வருவாள்" என்றார் வழிகாட்டி. பெரிய அனகோண்டா என்றாலே பெண்தான் என்பதால் அவர் பேச்சில் எப்போதும் 'அவள்'.

அவர் கை காட்டிய கிளையில் எனக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு நீரை ஒட்டிய கவட்டில் லாரி டயர்களை அடுக்கியதுபோல ஒரு திரட்சி புலப்பட்டது. ஆலிவ் பச்சை உடலில் கருவட்டங்கள். கண்ணுக்குப் பின்னால் மங்கிய ஆரஞ்சுக் கோடு. அவ்வளவு பெரிய உடலுக்கு அந்தத் தலை சிறியது. கண்களும் மூக்குத் துளைகளும் தலையின் உச்சியில் இருந்தன. உடல் முழுக்க நீருக்குள் கிடந்தாலும் பார்க்கவும் மூச்சுவிடவும் அந்த அமைப்பு போதும்.

எத்தனை அடி என்று படகில் ஒருவர் கேட்டார். சுருண்டு கிடக்கும் பாம்பை ஊகத்தால் அளக்கக் கூடாது என்று வழிகாட்டி மறுத்துவிட்டார். அவர் செய்ததே சரி. அனகோண்டாவைச் சுற்றிப் பொய் சேர்ந்ததெல்லாம் இந்த அடிக் கணக்கில்தான். 1907-இல் பெர்சி ஃபாசெட் என்ற ஆங்கிலேயர் 62 அடிப் பாம்பைச் சுட்டதாக எழுதிவைத்தார். 30 அடிக்கு மேற்பட்ட பாம்பை உயிரோடு கொண்டுவருபவருக்குப் பரிசு என்று அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கிய அறிவிப்பு, நியூயார்க்கில் 50,000 டாலர் வரை உயர்ந்தும் யாராலும் அதை வாங்க முடியவில்லை. வெனிசுவேலாவின் யானோஸ் சதுப்புவெளியில் ஹெசுஸ் ரிவாஸ் என்ற பாம்பு ஆய்வாளரின் குழுவினர் நூற்றுக்கணக்கான அனகோண்டாக்களைப் பிடித்து, அளந்து, திரும்பவும் விட்டுவிட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது 5.21 மீட்டர், 97.5 கிலோ. நீளத்தில் தென்கிழக்காசியாவின் வலைப்பின்னல் மலைப்பாம்பு இதை மிஞ்சும். பருமனிலும் எடையிலும் உலகில் இதற்கு இணை கிடையாது. அந்த எடையை நிலத்தில் இழுத்துத் திரிவது கடினம். நீர் தாங்கிக்கொள்வதால்தான் அவளால் இப்படி வளர முடிகிறது.

அவளோடு ஒப்பிட்டால் ஆண் மெலிந்த சிறு பாம்பு. இனச்சேர்க்கைக் காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் ஒரே பெண்ணைச் சுற்றிப் பின்னிக்கொண்டு வாரக்கணக்கில் கிடப்பதுண்டு. முடிவில் அவற்றில் ஒன்றை அவளே தின்றுவிடுவதும் உண்டு. ஏழு மாதம் போலச் சுமந்து, முட்டையிடாமல் குட்டிகளாகவே ஈனுகிறாள். இரண்டடிக்கு மேல் நீளமாகப் பிறக்கும் குட்டிகள் அன்றே தனித்து நீந்திப் போய்விடுகின்றன.

மாலையில் அதே ஏரியின் நடுவில் எல்லாரும் குதித்து நீந்தினோம். அங்கே வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். காபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கையும் கேமன் முதலையையும் விழுங்கும் உயிர் என்றாலும், அனகோண்டா மனிதரை விழுங்கியதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லை. பயத்தாலும் வீட்டுக்கோழியைக் காப்பதற்காகவும் மனிதர்கள் அவளைக் கொல்வதுதான் அதிகம்.

இரவு உணவுக்கு மரவள்ளி ரொட்டி. வழிகாட்டியின் சமூகத்தில் பெரிய பாம்பை நீரின் ஆளாகவே மதிக்கிறார்கள், வேட்டைப்பொருளாக அல்ல. சியோனா மொழி துக்கானோ குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்ப மொழிகளைப் பேசும் தெசானா, பராசானா மக்களின் கதையில், முன்னோர்கள் இந்த ஆறுகள் வழியே வந்து சேர்ந்த படகே ஓர் அனகோண்டாதான்.

2024-இல் ரிவாஸும் உடன் ஆய்வாளர்களும் மரபணு வேறுபாட்டைக் காட்டி, ஈக்வடார் உள்ளிட்ட வடபகுதி அனகோண்டாவைத் தனி இனமாகப் பிரித்தார்கள். வைத்த பெயர் செல்லுமா என்று வகைப்பாட்டியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எனக்குப் பெயரைவிட நீர்தான் பெரிய கவலை. 2020 ஏப்ரலில் குழாய் உடைந்து கொகா, நாப்போ ஆறுகளில் எண்ணெய் கலந்தது. நீரைக் குடித்த மக்களும் மீனை நம்பிய மக்களும் பட்ட பாட்டை எங்கள் படகோட்டி சொன்னார். 2023-இல் யாசுனி தேசியப் பூங்காவின் ஓர் எண்ணெய் வயலில் எடுப்பதை நிறுத்தச் சொல்லி ஈக்வடார் மக்கள் சுமார் 59 சதவீதம் வாக்களித்தார்கள் என்பதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரி வற்றிப்போகக்கூடும், அப்போது படகு ஓடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தங்குமிடத்தைப் பதிவு செய்வதற்கு முன், வழிகாட்டி அந்தக் காட்டுச் சமூகத்தவரா, படம் எடுப்பதற்காகப் பாம்பைப் பிடித்துத் தூக்குகிறார்களா என்று இரண்டையும் கேளுங்கள். பிடிப்பார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.